பால்கனி வேண்டுமா, ஜன்னல் போதுமா? கப்பலில் அறை எடுக்கும் முன் வீட்டில் பேச வேண்டியவை

சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு, புக்கெட் என்று மூன்று நான்கு இரவுகள் சுற்றிவிட்டு மறுபடியும் சிங்கப்பூரிலேயே இறக்கிவிடும் சொகுசுக் கப்பல்கள், நம்மூர்க் குடும்பங்களின் கோடை விடுமுறைப் பேச்சில் இப்போது சாதாரணமாக அடிபடுகின்றன. விமான டிக்கெட், விசா, யார் யார் வருகிறார்கள் என்பதெல்லாம் முடிவான பிறகு, டிராவல் ஏஜென்ட் ஒரு கேள்வி கேட்பார். "இன்சைடா, ஓஷன் வியூவா, பால்கனியா சார்?" வீட்டில் விவாதம் தொடங்குவது அங்கேதான்.

"ரூம் தூங்குறதுக்குத்தானே? பகல் முழுக்க மேல் தளத்துலதான் இருக்கப்போறோம்" என்பார் அப்பா. "அவ்ளோ தூரம் கடலுக்குப் போயிட்டு, சுவத்தைப் பார்த்துட்டுப் படுக்கவா?" என்பார் அம்மா. இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் உண்டு. எது உங்கள் குடும்பத்துக்குப் பொருந்தும் என்பதை, அறையின் விலையைவிட அந்த அறையில் யார் எத்தனை மணி நேரம் இருக்கப்போகிறார்கள் என்பதுதான் தீர்மானிக்கிறது.

முதலில் அடிப்படை. இன்சைடு அறைக்கு ஜன்னலே கிடையாது. விளக்கை அணைத்தால் கும்மிருட்டு. காலை பத்து மணியா, நடுராத்திரியா என்று கடிகாரத்தைப் பார்த்தால்தான் தெரியும். பகலிலும் தூங்க ஆசைப்படுபவர்களுக்கு அது ஒரு வசதி. ஓஷன் வியூ அறையில் கண்ணாடி ஜன்னல் இருக்கும். ஆனால் திறக்காது. பால்கனி அறையில் கண்ணாடிக் கதவைத் தள்ளினால் இரண்டு நாற்காலி, ஒரு குட்டி மேஜை, அதைத் தாண்டிக் கைப்பிடிச் சுவர், அதற்கப்பால் கடல். விளம்பரப் படங்களில் தெரிகிற அளவு பெரிதாக இருக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. சாதாரண பால்கனியில் இந்த இரண்டு நாற்காலியைப் போட்டாலே இடம் நிறைந்துவிடும்.

இந்த வசதி கப்பல்களுக்குப் புதுசுதான். ஒரு காலத்தில் ஒன்றிரண்டு ஆடம்பர அறைகளுக்கு மட்டுமே சொந்தத் திண்ணை இருந்தது. 1984-ல் வந்த 'ராயல் பிரின்சஸ்' கப்பலில்தான் எல்லா அறைகளும் கடலைப் பார்த்தபடி அமைக்கப்பட்டன. அவற்றில் கணிசமானவற்றுக்குப் பால்கனியும் வைத்தார்கள். இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் துறைமுகத்தில் அதற்குப் பெயர் சூட்டியவர் இளவரசி டயானா. அதன்பிறகு கப்பல் கட்டுபவர்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு மாதிரி பால்கனிகளை அடுக்க ஆரம்பித்தார்கள். இன்று வரும் பெரிய கப்பல்களில் பாதிக்கு மேல் பால்கனி அறைகள்தான்.

கணக்குப் போட்டுப் பார்த்தால்...

கப்பல் கம்பெனிகள் காட்டும் கட்டணம் ஓர் அறைக்கானது அல்ல; இரண்டு பேர் தங்கும் அறையில் ஒரு நபருக்கானது. பலர் கவனிக்கத் தவறும் இடம் இது. இன்சைடு அறைக்கும் பால்கனி அறைக்கும் வித்தியாசம் தலைக்கு 9,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கு 18,000. சில கம்பெனிகளில், ஒவ்வோர் இரவுக்கும் தனியாக வசூலிக்கும் சர்வீஸ் சார்ஜும் அறையின் ரகத்தைப் பொறுத்து ஏறும். 

மூன்று இரவுப் பயணத்தில் முதல் நாள் மாலை கப்பல் கிளம்பும் நேரம், நடுவில் ஊர் சுற்ற இறங்கும் நாள், நீச்சல்குளம், நாடகம், மூன்று வேளைச் சாப்பாடு, தூக்கம் எல்லாம் போனால், ஓர் இளம் தம்பதி பால்கனியில் விழித்து உட்கார்ந்திருக்கும் நேரம் மொத்தமாக ஆறு மணி நேரம் வந்தாலே அதிகம். அப்படியானால் ஒரு மணி நேரக் கடல் காற்றுக்கு 3,000 ரூபாய். மேல் தளத்துக்கு லிஃப்டில் போனால் அதே காற்று இலவசம்.

இதே கணக்கு, எழுபது வயதுப் பாட்டி கூட வந்தால் தலைகீழாகிவிடும். முழங்கால் வலியோடு நீண்ட தாழ்வாரத்தில் நடந்து, லிஃப்டுக்குக் காத்திருந்து, மேலே போனால் உட்கார ஒரு நாற்காலி கிடைக்காது. பாட்டுச் சத்தம் வேறு காதைப் பிளக்கும். ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு, "நீங்க போயிட்டு வாங்க, நான் ரூம்லயே இருக்கேன்" என்று அவர் சொல்லிவிடுவார். அந்த ரூமுக்கு ஜன்னல் இல்லையென்றால் அவருடைய பயணம் அவ்வளவுதான். பால்கனி இருந்தால் காலை காபியிலிருந்து இரவு தூக்கம் வரும்வரை அவர் கடலோடு இருக்கலாம். சாதாரணமாக இருபது மணி நேரம் வந்துவிடும். மணிக்கு 900 ரூபாய்! வீட்டிலேயே குறைவாக நடக்கிறவர் யாரோ, அவரை வைத்துத்தான் அறையை முடிவு செய்ய வேண்டும். பெரும்பாலான வீடுகளில் நடப்பது நேர் எதிர். புதுசாகக் கல்யாணமான மகனுக்கும் மருமகளுக்கும் பால்கனி. "பெரியவங்களுக்கு எதுக்கு, சும்மா தூங்கத்தானே போறாங்க" என்று பெற்றோருக்கு ஜன்னல் இல்லாத அறை.

ஐந்து பேர் போகும் குடும்பத்துக்கு இன்னொரு வழி இருக்கிறது. இரண்டு பால்கனி அறைகளுக்குப் பணம் கொட்ட வேண்டியதில்லை. ஒரே தாழ்வாரத்தில் பால்கனி அறை ஒன்று, அதற்கு நேர் எதிரில் உள்ள இன்சைடு அறை ஒன்று என்று எடுக்கலாம். பகலில் எல்லாரும் பால்கனி அறையில் கூடுவார்கள். இரவில் பிரிந்து தூங்குவார்கள். பிள்ளைகளைத் தனி அறையில் விடுவதற்குக் கம்பெனிக்குக் கம்பெனி வயது விதி மாறும் என்பதால், யார் பெயரில் எந்த அறை என்பதைப் பதிவு செய்யும்போதே கேட்டுவிட வேண்டும். இரண்டு குடும்பமாகப் போய் பக்கத்துப் பக்கத்துப் பால்கனி அறைகள் எடுத்தால், பல கப்பல்களில் நடுவில் உள்ள தடுப்பை அறைப் பணியாளரே சாவி போட்டுத் திறந்துவிடுவார். இரண்டு திண்ணை ஒரே திண்ணையாகிவிடும். எல்லாக் கப்பல்களிலும், எல்லா அறைகளுக்கும் இது முடியாது. இதையும் முன்பே கேட்க வேண்டும்.

எந்தத் தளம், எந்த இடம்?

பால்கனி என்று முடிவானதும் பலர் நிம்மதியாகப் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். உண்மையில் வேலை அதற்குப் பிறகுதான் இருக்கிறது. ஒரே கட்டணத்தில் உள்ள இரண்டு பால்கனி அறைகளில் ஒன்று சொர்க்கமாகவும் இன்னொன்று தலைவலியாகவும் இருக்கலாம்.

கப்பல் அலையில் ஆடுவது, பூங்காவில் குழந்தைகள் ஏறி ஆடும் சீசா பலகை மாதிரி. இரண்டு முனைகளும் ஏறி இறங்கும்; நடுவில் உட்கார்ந்தவருக்கு அசைவு குறைவு. உயரே போகப் போக பக்கவாட்டு ஆட்டமும் கூடும். பஸ்ஸில் மலை ஏறினாலே வாந்தி எடுக்கிறவர் வீட்டில் இருந்தால், கப்பலின் நடுப்பகுதியில், பால்கனி இருக்கும் தளங்களிலேயே கீழ்த் தளத்தில் அறை கேட்பது நல்லது. உயரமான தளம் என்றால் உயர்ந்த அறை என்று நினைத்துக் கூடுதல் பணம் கொடுத்து, இரண்டு நாளும் படுக்கையிலேயே கிடந்தவர்கள் உண்டு. ஆட்டத்தைக் குறைக்கப் பெரிய கப்பல்களின் அடியில் இரண்டு பக்கமும் மீனின் துடுப்பு மாதிரி இறக்கைகள் இருக்கின்றன. அவை பக்கவாட்டு ஆட்டத்தை நன்றாகவே அடக்கும். முன்னும் பின்னும் தூக்கிப்போடுவதை அவற்றால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

ஆனால் கீழ்த் தளத்திலும் ஒரு வில்லங்கம் உண்டு. உயிர்காப்புப் படகுகள் தொங்குவது அங்கேதான். சில பால்கனிகளுக்கு முன்னால் கடலுக்குப் பதில் ஒரு படகின் முதுகுதான் தெரியும். இவற்றைப் 'பார்வை மறைக்கப்பட்டவை' என்று சொல்லியே குறைந்த விலைக்கு விற்கிறார்கள். சில நேரம் பொடி எழுத்தில்தான் சொல்லியிருப்பார்கள். இன்னும் சில பால்கனிகளில் கண்ணாடிக்குப் பதிலாகக் கப்பலின் இரும்புச் சுவரே கைப்பிடியாக இருக்கும். நின்றால் கடல், உட்கார்ந்தால் இரும்பு. உட்கார்ந்து பார்க்க வேண்டிய பாட்டிக்கு இந்த அறை எதற்கு?

கப்பலின் தள வரைபடம் கம்பெனியின் இணையதளத்திலேயே கிடைக்கும். அறை எண்ணைக் கண்டுபிடித்த பிறகு, அதற்கு மேலேயும் கீழேயும் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மேலேயும் அறை, கீழேயும் அறை என்றால் நிம்மதி. மேலே நீச்சல்குளத் தளம் என்றால், விடியற்காலையில் சாய்வு நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம்தான் அலாரம். கீழே நடன அரங்கம் என்றால் நள்ளிரவு தாண்டியும் மெத்தை அதிரும். கப்பலின் முன்முனையில் காற்று பலமாக அடிக்கும். நங்கூரம் இறக்கும்போது சங்கிலியின் கடகட சத்தம் கேட்கும். பின்முனைப் பால்கனிக்குத் தனி ரசிகர் கூட்டமே இருக்கிறது. கப்பல் கிழித்துவிட்டுப் போகும் வெள்ளை நுரைப் பாதையை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கலாம். அதற்கான விலை, இயந்திர அதிர்வும் சில சமயம் புகைபோக்கியிலிருந்து வந்து விழும் கரித்தூளும். இரண்டு அறைகளுக்கு நடுவே கதவு வைத்த அறையாக இருந்தால் பக்கத்து அறைக்காரர் தும்முவதுகூடக் கேட்கும். தெரிந்தவர்களாக இருந்தால் வசதி; தெரியாதவர்கள் என்றால் தவிர்ப்பது நல்லது.

இடப்பக்கமா, வலப்பக்கமா?

கப்பல் போகும் திசையைப் பார்த்து நின்றால் இடக்கைப் பக்கம் 'போர்ட்', வலக்கைப் பக்கம் 'ஸ்டார்போர்ட்'. இந்தப் பக்கக் கணக்கில் நம் நாட்டோடு தொடர்புடைய ஒரு பழங்கதையே இருக்கிறது. ஆங்கிலத்தில் ஆடம்பரத்தைக் குறிக்கும் 'பாஷ்' என்ற சொல், வெள்ளைக்காரர்கள் இந்தியாவுக்கு வந்துபோன கப்பல்களிலிருந்து பிறந்தது என்பார்கள். இங்கிலாந்திலிருந்து வரும்போது இடப்பக்கம், திரும்பும்போது வலப்பக்கம் என்று வெயில் படாத வடக்குப் பார்த்த அறைகளைப் பணக்காரர்கள் பிடித்துக்கொண்டார்களாம். அந்த ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள்தான் அந்தச் சொல்லாம். சொல்லாராய்ச்சி செய்பவர்கள் இதை ஏற்பதில்லை. அந்த எழுத்துகள் அச்சடித்த டிக்கெட் ஒன்றுகூட இதுவரை கிடைத்ததில்லை. கதை பொய்யாக இருந்தாலும், அதிலுள்ள வெயில் கணக்கு மட்டும் சரியானது.

சிங்கப்பூரிலிருந்து பினாங்குக்குக் கப்பல் வடமேற்காகப் போகிறது. இடப்பக்கம் தென்மேற்கு, சுமத்ரா இருக்கும் திசை. மாலை வெயில் அங்கே. வலப்பக்கம் மலேசியக் கரை; காலை வெயில். திரும்பும்போது இது அப்படியே மாறிவிடும். ஆகவே சுற்றிவரும் பயணத்தில் எந்தப் பக்கம் எடுத்தாலும் பெரிய நஷ்டமில்லை. ஒரு பக்கமாகவே போகும் பயணத்தில்தான் இது முக்கியம். சென்னையிலிருந்து தெற்கே திரிகோணமலை நோக்கிப் போனால் இடப்பக்கப் பால்கனியில் சூரிய உதயம். வலப்பக்கத்தில் அஸ்தமனம், கூடவே பிற்பகல் முழுக்க வெயில்.

இந்தச் சிங்கப்பூர், பினாங்கு தடம் தமிழர்களுக்குப் புதியதல்ல. 1926-ல் கட்டிய 'ரஜூலா' கப்பல் சென்னை, நாகப்பட்டினம் துறைமுகங்களிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் 1970-களின் தொடக்கம் வரை ஆயிரக்கணக்கானவர்களை ஏற்றிச் சென்றது. அதில் பெரும்பாலானவர்கள் 'டெக்' பயணிகள். அறையே கிடையாது, தளத்தில் பாய் விரித்துப் படுத்தவர்கள். அந்தத் தாத்தாக்களின் பேரன்கள்தான் இன்று அதே தடத்தில் பால்கனியா, ஜன்னலா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தத் தடத்தில் இரவுக் காட்சியைத் தவறவிடக் கூடாது. சிங்கப்பூர் நீரிணையும் மலாக்கா நீரிணையும் உலகிலேயே கப்பல் நெரிசல் மிகுந்த கடல் வழிகளில் அடங்கும். ஓரிடத்தில் வழியின் அகலம் சுமார் 2.8 கிலோமீட்டர்தான். அறை விளக்கை அணைத்துவிட்டுப் பால்கனியில் உட்கார்ந்தால், எண்ணெய்க் கப்பல்களும் கன்டெய்னர் கப்பல்களும் விளக்கு ஏற்றிய தெருபோல வரிசையாகத் தெரியும். பால்கனிக்குக் கொடுத்த காசு செரிக்கிற நேரம் அதுதான்.

எல்லாப் பால்கனியும் கடலைப் பார்த்தது என்றும் நினைத்துவிடக் கூடாது. 2009-ல் வந்த 'ஒயாசிஸ் ஆஃப் தி சீஸ்' கப்பலின் நடுவே திறந்தவெளிப் பூங்கா ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்தபடி உள்பக்கமாகவும் பால்கனிகள் உண்டு. மரம் செடி தெரியும், கடல் தெரியாது. எதிர்வீட்டு ஜன்னல் தெரியும். 2018-ல் வந்த 'செலிப்ரிட்டி எட்ஜ்' கப்பலில் தனியாக வெளித்திண்ணையே இல்லாமல், பொத்தானை அழுத்தினால் ஜன்னலின் மேல்பாதி கீழே இறங்கும் அறைகள் வந்தன. இன்சைடு அறையின் சுவரில் ஆளுயரத் திரையை வைத்து, வெளியே இருக்கும் கடலை நேரலையில் காட்டும் 'மெய்நிகர் பால்கனி'யும் சில கப்பல்களில் இருக்கிறது. காற்று மட்டும் வராது.

பால்கனியில் செய்யக் கூடாதவை

நம்மவர்கள் முதலில் செய்வது ஈரத் துண்டைக் கைப்பிடியில் காயப்போடுவது. கூடாது. காற்று ஒரு நிமிடத்தில் அதைக் கடலுக்கோ கீழ்வீட்டுக்காரர் பால்கனிக்கோ கொண்டுபோய்விடும். காலையில் சூரியனைப் பார்த்து ஊதுபத்தி, கற்பூரம் ஏற்றுவதும் கூடாது. மெழுகுவத்தி, ஊதுபத்தி, துணி தேய்க்கும் பெட்டி போன்றவற்றைக் கப்பலுக்குள் கொண்டுவரவே பொதுவாக அனுமதிப்பதில்லை. பால்கனியில் சிகரெட்டுக்கும் பெரும்பாலான கப்பல்களில் தடை.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் இருக்கிறது. 2006 மார்ச் 23 அதிகாலை, ஜமைக்கா அருகே போய்க்கொண்டிருந்த 'ஸ்டார் பிரின்சஸ்' கப்பலின் ஒரு பால்கனியில் தீப்பிடித்தது. அணைக்காமல் போட்ட சிகரெட்தான் காரணமாக இருக்கலாம் என்று விசாரணை சொன்னது. பால்கனித் தடுப்புகளும் நாற்காலிகளும் பிளாஸ்டிக். தீ சில நிமிடங்களில் தளம் தளமாக மேலே ஏறியது. பயணி ஒருவர் இறந்தார். அறைகளுக்குள் தீயணைக்கும் தண்ணீர்க் குழாய்கள் இருந்தன. பால்கனிகளில் எதுவும் இல்லை. அதன்பிறகுதான் பால்கனியில் என்ன பொருளைப் பயன்படுத்தலாம், தீயைக் கண்டறிந்து அணைக்க என்ன இருக்க வேண்டும் என்ற சர்வதேச விதிகள் 2008-ல் நடைமுறைக்கு வந்தன.

சின்னக் குழந்தையோடு போகிறவர்கள் கைப்பிடியின் உயரத்தைப் பற்றிக் கவலைப்படுவது இயல்பு. அமெரிக்கத் துறைமுகங்களில் பயணிகளை ஏற்றி இறக்கும் கப்பல்களுக்கு 2010-ல் வந்த சட்டப்படி அது 42 அங்குலத்துக்கு, அதாவது சுமார் 107 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. தரையில் நிற்கும் குழந்தைக்கு அது போதும். நாற்காலியில் ஏறி நிற்கும் குழந்தைக்குப் போதாது. ஏறின முதல் வேலையாக, நாற்காலிகளைக் கைப்பிடியிலிருந்து தள்ளி, அறைச் சுவரை ஒட்டிப் போட்டுவிட வேண்டும். பால்கனிக் கதவு கனமானது. அறையின் வாசல் கதவும் அதே நேரம் திறந்தால் காற்று இழுத்து, டமாரென்று சாத்தும். நடுவில் குழந்தையின் விரல் இருந்தால் விபரீதம். இரண்டு வயதுக் குழந்தையின் பின்னால் ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய பெற்றோருக்குப் பால்கனி ஓய்வா, இன்னொரு காவல் வேலையா என்று யோசிப்பது தப்பில்லை. அந்த வயதில் திறக்காத ஜன்னலே போதும்.

பால்கனியின் மதிப்பு உலகத்துக்கே தெரிந்தது 2020 பிப்ரவரியில். கொரோனா பரவிய 'டயமண்ட் பிரின்சஸ்' கப்பல் ஜப்பானின் யோகோஹாமாவில் தனிமைப்படுத்தப்பட்டபோது அதில் 3,711 பேர் இருந்தார்கள். பயணிகள் நாள்கணக்கில் அறையிலேயே அடைந்து கிடந்தார்கள். பால்கனி உள்ளவர்கள் கதவைத் திறந்து நின்றார்கள். ஜன்னல் இல்லாத அறைக்காரர்கள், முறை வைத்து மேல் தளத்தில் கொஞ்ச நேரம் நடக்க விடும்வரை வெளிச்சத்தைப் பார்க்கவில்லை. அப்படி ஒரு நிலைமையை எதிர்பார்த்து யாரும் அறை எடுப்பதில்லை. ஆனால் பயணத்தின் நடுவே வயிற்றுப்போக்கு, காய்ச்சல் என்றால் மருத்துவர் அறையிலேயே இருக்கச் சொல்வது சகஜம்.

சிங்கப்பூர் வரை போகாமல் சென்னையிலேயே கப்பல் ஏற நினைப்பவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியது ஒன்று. 2022 ஜூனில் சென்னையிலிருந்து பயணத்தைத் தொடங்கிய 'எம்ப்ரஸ்' கப்பல் 1990-ல் பிரான்சில் கட்டப்பட்டது. பால்கனிகளை வரிசையாக அடுக்கும் காலத்துக்கு முந்தையது என்பதால் அதில் பால்கனி அறைகள் குறைவு. பெரும்பாலும் இன்சைடும் ஜன்னல் அறைகளும்தான். அந்த மாதிரிக் கப்பலில் பால்கனிக்காகக் காத்திருப்பதைவிட, நடுப்பகுதியில் நல்ல ஜன்னல் அறையைப் பிடிப்பது புத்திசாலித்தனம். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் வங்கக்கடல் கொந்தளிக்கும். காற்று பலமானால் பால்கனிக்குப் போக வேண்டாம் என்று கப்பலிலேயே அறிவித்துவிடுவார்கள்.

கடைசியாக, 'கேரண்டி' என்ற பெயரில் மலிவாக வரும் பால்கனி டிக்கெட். அதில் உறுதி தருவது பால்கனிக்கு மட்டும்தான். அறை எண்ணைக் கம்பெனியே பிறகு ஒதுக்கும். அது படகுக்குப் பின்னாலும் இருக்கலாம், நடன அரங்கத்துக்கு மேலேயும் இருக்கலாம். எங்கே போட்டாலும் சமாளிக்கும் நண்பர்கள் கூட்டத்துக்கு அது லாபம். பாட்டிக்காகப் பால்கனி எடுப்பவர்கள், சில ஆயிரம் கூடுதலாகக் கொடுத்தாவது அறை எண்ணைத் தாங்களே தேர்ந்தெடுத்துக்கொள்வது நல்லது. எண்ணைச் சொல்ல முடியாது என்று ஏஜென்ட் மழுப்பினால், வேறு ஏஜென்டைப் பார்க்கலாம்.